மாறிக் கட்டிய பட்டை

எங்கள் கறுப்பு மாடு போன வருஷம் தை மாதக் கடைசியில் செத்தது. நிறைசினையாக இருந்தது. வயிற்றில் இருந்த கன்றும் அதோடு போனது. வயதாகிவிட்டது, விதி என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அதற்கு வயதும் ஆகவில்லை, அது விதியும் இல்லை. எதனால் செத்தது என்று எனக்குத் தெரியும். அதை என் மகள் தெரிந்துகொள்ளக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் கொட்டகை. முன்பு அங்கேதான் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனியை மூடினார்கள். நான் மாடு வாங்கினேன். விடியற்காலையில் பால் கறந்து மொபெட்டில் வைத்து உப்பளம் வரைக்கும் போய் ஊற்றிவிட்டு வருவேன். அங்கே ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் செத்துப்போய், அந்த வீட்டு அம்மா மட்டும் பென்சனில் இருக்கிறது. பால் நுரையைப் பார்த்தே எந்த மாட்டுப் பால் என்று சொல்கிறேன் பார் என்று பீற்றிக்கொள்ளும். ஒரு தடவையும் சரியாகச் சொன்னதில்லை. நானும் திருத்தினதில்லை.

மாடு நாலு. பால் கறப்பதில் பெரியது செவலை. அதற்குப் பக்கத்துக் கட்டுத்தறியில் கறுப்பு. கறுப்பு பிறந்தபோது கால் முன்னால் வராமல் பின்பக்கமாக வந்து மாட்டிக்கொண்டது. என் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வருவதற்குள் அவள்தான் முழங்கை வரைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு இழுத்து எடுத்தாள். பிறகு சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை கிடைத்தது. அங்கே யாராவது எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய் என்று கேட்டால், "முதல் பிரசவம் எங்க கறுப்பு" என்று சொல்வாளாம். அதற்குக் குளிக்க வைத்த தண்ணீர் சூடு முதற்கொண்டு சொல்லிச் சிரிக்க வைப்பாளாம். போன் பண்ணினால் முதலில் கறுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அப்புறம்தான் அம்மா. நான் மூன்றாவது.

பட்டையைக் கொண்டுவந்ததும் அவள்தான். ஒரு கம்பெனி மாட்டுக் கழுத்தில் கட்டும் பட்டையைச் சோதனைக்குக் கொடுக்கிறது என்று போனில் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லாமலே பெயர் கொடுத்துவிட்டாள். ஒரு ஒல்லியான ஆள் வந்து நாலு மாட்டுக்கும் கட்டினான். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. உள்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நம்பர். மாடு அசைபோடுவது, நடப்பது, படுப்பது எல்லாவற்றையும் அது கணக்கெடுக்கும் என்றான். ஒவ்வொரு மாடும் அசைபோடுவது ஒரு மாதிரியாம். பட்டை முதலில் கொஞ்ச நாள் சும்மா கவனித்துக்கொண்டே இருக்குமாம். அந்த மாட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு வழக்கம் மாறினால், நம் கண்ணுக்கு நோய் தெரிவதற்கு முன்னாலேயே போனில் சொல்லுமாம். நன்றாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

நான் அவனிடம், இதற்கு என் பெண்டாட்டியே போதும், கட்டுத்தறியில் நின்று பார்த்தால் சொல்லிவிடுவாள் என்றேன். அவள் சாணி அள்ளிக்கொண்டே சொன்னாள்: "எனக்குச் சோறு போடணும். அதுக்கு சார்ஜ் போட்டா போதும். அதையே வச்சுக்கங்க."

ஆனால் பொய் சொல்லக்கூடாது. அந்தப் பட்டை வேலை செய்தது. ஐப்பசி மழையில் செவலைக்கு மடிநோய் வரப்போவதை அது முந்தியே சொன்னது. மடி வீங்குவதற்கு முன்னால் மருந்து போட்டோம், பிழைத்தது. தீவனம் மாற்றினால் எந்த மாடு அதை ஏற்றுக்கொள்கிறது, எது முகத்தைத் திருப்புகிறது என்றும் காட்டியது. பீர் கம்பெனிச் சக்கை போட்டால் செவலைக்கு அசை குறைகிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அதற்கப்புறம் நானும் மகளிடம், இன்றைக்கு எல்லாம் பச்சையா என்று கேட்க ஆரம்பித்தேன். என் போனிலும் போட்டுக் கொடுத்தாள். எழுத்து பொடியாக இருக்கிறது என்று நான் திறப்பதில்லை. அவளுக்கு வார்டில் வேலைக்கு நடுவில் அதைத் திறந்து பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. மாட்டின் பெயருக்கு நேரே மாட்டின் போட்டோவே போட்டு வைத்திருந்தாள்.

மாட்டுப் பொங்கலுக்கு அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அன்றைக்கு மாட்டை எல்லாம் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்கு மாட்டுக் கழுத்தில் பழசு எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலைக்கயிறு, கழுத்துக்கயிறு, மணி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, குளிப்பாட்டி, வெறும் கழுத்தோடு ஒரு நேரம் விட வேண்டும். பிறகு புதுக்கயிறு. பழைய கயிறு குப்பைக்குப் போகும். என் மகள் சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை இது. அவிழ்த்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போடுவாள். எந்தக் கயிறு எந்த மாட்டினுடையது என்று யார் பார்ப்பது? கயிறு என்றால் கயிறு. எந்தக் கழுத்திலும் கட்டலாம். கயிற்றுக்கு மாடு தெரியாது.

பட்டையையும் அவள் அப்படித்தான் அவிழ்த்தாள். சாணியும் வியர்வையும் பிடித்துக் கிடந்தது. நாலையும் ஒரு பக்கெட்டில் போட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். நான் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி பொங்கல் இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் புதுக்கயிறு போட்டு, பலூன் கட்டி, கரும்பு கொடுத்து, பட்டையைக் கட்டினாள். செவலைக்கும் கறுப்புக்கும் பட்டை மாறிப்போனது.

யாருக்கும் தெரியாது. மறுநாள் அவள் சென்னைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. செவலை சிவப்பில் இருக்கிறது, அசை குறைந்திருக்கிறது, போய்ப் பார் என்றாள். பார்த்தேன். செவலை கண்ணை மூடிக்கொண்டு சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். இப்போது போடலாம், மொத்த நாளுக்கும் குறைந்திருக்கிறது என்றாள். அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். எனக்கு எரிச்சலாக வந்தது.

"உன் மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. மாடு என் கண்ணு முன்னாடி மென்னுட்டு நிக்குது."

"ஐப்பசில இப்படித்தான சொன்ன? அப்புறம் யார் சொன்னது சரி? டாக்டரைக் கூட்டியாப்பா. எனக்காக."

கூட்டி வந்தேன். அவர் செவலையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார், சாணியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். மாட்டை விட்டுவிட்டு உங்களுக்கு வேண்டுமானால் ஊசி போடட்டுமா என்று கிண்டல் வேறு. இருந்தாலும் மகள் விடவில்லை. செவலைக்குச் சக்கையை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். வெளியே மேய விடாதே என்றாள். கட்டிப்போட்டேன். மிச்சமான சக்கையைக் கறுப்புக்குப் போட்டேன்.

என் மனைவி செவலைக்கு இஞ்சி, சீரகம், வெல்லம் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். ஒரு நாள் நான் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த கறுப்பு கழுத்தை நீட்டி நாக்கைப் போட்டது. நான் அதன் மூஞ்சியைத் தள்ளிவிட்டேன். உனக்கு எதற்கு, நீதான் நல்லா இருக்கியே என்று சொன்னேன். மாட்டிடம் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு ஏனோ சொன்னேன். எத்தனை தடவை நினைத்தாலும் அந்த மூஞ்சியை என் கை தள்ளுவதுதான் ஞாபகம் வருகிறது.

கறுப்பு ஒரு மாதிரி நிற்கிறது என்று முதலில் சொன்னது என் மனைவி. முன்னங்காலை அகட்டி வைத்துக்கொண்டு, முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. படுக்கும்போது முனகியது. நிறைசினை மாடு முனகும்தான். அன்று மாலை போனில் மகளிடம் சொன்னாள். மகள் போனைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது.

"கறுப்பு பச்சையிலதாம்மா இருக்கு. அசை நல்லா இருக்கு. நிறைமாசம் இல்ல, அப்படித்தான் இருக்கும். நீ செவலையைப் பாரு."

அவள் பொய் சொல்லவில்லை. போனில் கறுப்பின் போட்டோவுக்கு நேரே பச்சைதான் இருந்தது. செவலை மென்றதெல்லாம் கறுப்பின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு மெல்லாமல் விட்டதெல்லாம் செவலையின் கணக்கில். நாங்கள் மூன்று பேரும் நல்லா இருக்கிற மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். வலியில் இருந்த மாடு அதற்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியில் நீர் கோத்து வீங்கியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. டாக்டரைத் திரும்பவும் கூட்டிவந்தேன். இந்தத் தடவை அவர் கிண்டல் பண்ணவில்லை. கழுத்து நரம்பைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். எதையோ விழுங்கியிருக்கிறது, அது நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார். எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பத்து மணி வாக்கில் கறுப்பு படுத்தது. எழுந்திருக்கவில்லை. என் மனைவி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்றையாவது எடுக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலி மனையில் குழி தோண்ட அனுமதி கேட்டு வாங்கினேன். புதைப்பதற்கு முன்னால் திறந்து பாருங்கள் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். என்ன என்று தெரியாமல் மண்ணைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அவர் திறந்தார். விரல் நீளத்துக்கு ஒரு கட்டுக்கம்பி. கட்டடத்தில் இரும்பு முடைகிற சாதாரணக் கம்பி. தொழிற்பேட்டை ரோட்டோரத்துப் புல்லில் எங்கே பார்த்தாலும் கிடக்கும். இரைப்பையைத் துளைத்து இதயத்துப் பையில் ஏறியிருந்தது. உள்ளே கன்று வளர வளர வயிறு முன்னால் தள்ளி, கம்பியையும் தள்ளிவிட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கன்றும் கறுப்புதான். கிடேரி.

"முதல்ல அசை குறையும்போதே தெரிஞ்சிருந்தா வயித்தைத் திறந்து எடுத்திருக்கலாம். அப்ப ஒரு அறிகுறியும் தெரியலையா?"

இல்லை என்றேன். எனக்கு அப்போது நிஜமாகவே தெரியாது.

கறுப்பின் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக அந்த ஒல்லி ஆள் வந்தான். மாட்டைக் காப்பாற்றாத பட்டையை எதற்குக் கட்டினாய் என்று அவனைத் திட்டினேன். வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். அவன் பட்டையைத் திருப்பி உள்பக்க நம்பரைப் பார்த்தான். கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தான். திரும்பவும் நம்பரைப் பார்த்தான். பிறகு செவலையின் பக்கம் போய் அதன் கழுத்துப் பட்டையைப் புரட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இது செவலையோடது. அதுல இருக்கிறது கறுப்போடது. எப்ப கழட்டுனீங்க?"

என் மனைவி மாட்டுத்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவன் தோளைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே வைத்துத்தான் முழுசும் சொன்னான். மாட்டுப் பொங்கலன்று இரண்டு பட்டையிலும் கணக்கு திடீரென்று மாறியிருக்கிறது. பண்டிகை, கரும்பு, கூட்டம், அதனால் இருக்கும் என்று கம்பெனியிலும் விட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் மிஷின் புதுக்கணக்கையே வழக்கமாக எடுத்துக்கொண்டது. அது கத்துக்கிட்டுதுண்ணா என்றான். எங்கள் தப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒருத்தருக்காவது ஒரு வார்த்தை சொல்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறது. நாலு பட்டையையும் ஒரே மாதிரி செய்து, நம்பரைக் கழுத்துக்கு உள்ளே ஒளித்து வைத்த புத்திசாலி யார் என்று கேட்டேன். ஒரு கலர் மாற்றிப் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? மாட்டுப் பொங்கல் என்று ஒன்று இந்த ஊரில் உண்டு என்று யாருக்குமே தெரியாதா?

என் மகள் தினமும் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கறுப்பைப் பச்சை என்று காட்டிக் கொன்றுவிட்டார்கள் என்று அழுதாள். விடமாட்டேன் என்றாள். அதனால் அவனிடம் கேட்டேன்.

"என் பொண்ணு கேட்டா மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லு."

"கம்பெனி பேரு போயிடும்ணா."

"உன் கம்பெனி பேரு போனா வேற பேரு வைப்பாங்க. அவளுக்கு இது தெரிஞ்சா அவ எங்க போவா?"

அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஆனால் சொல்லியிருக்கிறான். நாலு நாள் கழித்து மகள் பேசும்போது, பட்டைக்குள் தண்ணீர் போய்க் கெட்டுவிட்டதாம், ஒத்துக்கொண்டார்கள் என்றாள். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவனைத் திட்டியதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. கம்பெனியைத் திட்டியதற்கு இல்லை.

மனைவியிடமும் நான் சொல்லவில்லை. அவள் மனசில் எதுவும் நிற்காது, வாயில் வந்துவிடும். அப்படியே இது மண்ணோடு போய்விடும் என்று நினைத்தேன்.

மாசி பிறந்து ஒரு மத்தியானம் போன் வந்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள். பின்னால் வார்டு சத்தம் கேட்டது. குழந்தை அழுகிற சத்தம்.

அவர்கள் வார்டில் குழந்தை பிறந்ததும் தாய் கையிலும் குழந்தை காலிலும் ஒரே நம்பர் போட்ட பட்டை கட்டுவார்கள். மாறிவிடக்கூடாது என்று இரண்டு பேர் நின்று வாய்விட்டுப் படித்துத்தான் கட்ட வேண்டும். அன்றைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிரசவம். இவள் கையில் இரண்டு பட்டை. ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாளாம். கூட இருந்த நர்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டாளாம். அந்தப் பட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து எனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"அப்பா, பொங்கலுக்கு நான் பட்டையை எல்லாம் ஒண்ணாப் போட்டு கழுவுனேன் இல்ல?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"திரும்பக் கட்டும்போது நம்பர் பாக்கல."

நான் யோசிக்கவே இல்லை. கட்டியது நான் என்று சொல்லிவிட்டேன். நீ பலூன் கட்டிக்கொண்டிருந்தாய், பட்டையை நான்தான் கட்டினேன், அதெல்லாம் சரியாகத்தான் கட்டினேன், மிஷின்தான் கெட்டுப்போனது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீ தெருமுனைல நின்னு பேசிட்டு இருந்தப்பா. பொங்கல் ஆறுது வாங்கன்னு அம்மா உன்னைக் கூப்ட்டுட்டே இருந்துது. நான்தான் கட்டினேன்."

நான் இல்லை இல்லை என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. கோபப்படத்தான் வரும். அதனால் கத்தினேன். வேலையைப் பார்க்காமல் என்ன பேச்சு, போய் டூட்டியைப் பார் என்று கத்தினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

"நான்தான் நிறைமாசம், அப்படித்தான் இருக்கும்னு அம்மாகிட்ட சொன்னேன்" என்றாள். "அம்மா சரியாத்தான் சொல்லுச்சு."

வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மூன்று மாட்டுப் பட்டையையும் நான் அறுத்துப் போட்டேன். என் மனைவி ஏன் என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். அவள் அப்படியே கட்டுத்தறியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய் மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். போனோம். ஹாஸ்டல் வாசலில் வைத்துப் பார்த்தோம். நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டீர்களா என்றாள். பக்கத்தில் நல்ல ஓட்டல் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனாள். கறுப்பின் பேச்சை எடுக்க என் மனைவி இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் மகள் சாம்பார் கேட்டாள். ஈஸ்டருக்கு வா என்றோம், டூட்டி இருக்கிறது என்றாள். இந்தப் பொங்கலுக்கும் டூட்டி என்றாள். கோயிலுக்கு மாட்டை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வெறும் கழுத்தோடு போய், புதுக்கயிற்றோடு கட்டுத்தறிக்கு வந்தன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூப்பிடுகிறாள். தவறாமல் கூப்பிடுகிறாள். மழை பெய்ததா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, மொபெட்டுக்கு டயர் மாற்றினாயா என்று கேட்கிறாள். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. முன்பு முதலில் அதைத்தான் கேட்பாள். செவலை கன்று போட்டதை அவளிடம் சொல்ல நான் நாலைந்து தடவை வாயெடுத்தேன். அவள் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்காமல் சொன்னால் குத்திக்காட்டுவது மாதிரி இருக்குமோ என்று பயம்.

போன வாரம் அவள் கூப்பிட்டபோது போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தண்ணீர் காட்டுகிற நேரம் அது. செவலை என்னைப் பார்த்தால் கத்தும். அவள் காதில் விழட்டும், அப்போதாவது கேட்பாள் என்று அதன் பக்கத்திலேயே போய் நின்றேன். செவலை கத்தியது. உள்ளே இருந்து கன்றும் கத்தியது.

பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். நான் காத்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பிறகு, அம்மா மாத்திரை போட்டாளா என்று கேட்டாள்.

போட்டாள் என்றேன்.